முகவரிகள் பல இருந்தால் மட்டும் போதுமா?

புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழர் கட்டியெழுப்பிய பொதுச் சொத்துகளில் கண்ணுக்குப் புலப்படாத சொத்து ஒன்றும் உண்டு. அவர்களின் இணையத்தளங்களே அவை. தமிழ்ப் பாடசாலையின் தேர்வு அட்டவணை, கலைவிழா அறிவித்தல், ஆலயத் திருவிழா விபரம், மரண அறிவித்தல், பல்லாண்டு கால ஒளிப்படங்கள் என ஒரு சமூகத்தின் நாளாந்த வாழ்வும் நினைவும் இன்று அங்கேதான் தங்கியிருக்கின்றன. மண்டபத்தின் திறப்பு யாரிடம் இருக்கின்றது என்பதை நிர்வாக சபையினர் அனைவரும் அறிவர். இணையத்தளத்தின் திறப்பு யாரிடம் இருக்கின்றது என்று வினவினால், பதில் கூறக்கூடியவர் பெரும்பாலும் ஒருவர் மட்டுமே.

யேர்மனியின் எசன் நகரிலும் அதனைச் சூழ்ந்த ரூர் நிலப்பகுதி நகரங்களிலும் 1980களில் வந்து குடியேறிய முதற் தலைமுறை இன்று ஓய்வு பெறும் வயதை எட்டிக்கொண்டிருக்கின்றது. அமைப்புகளின் பொறுப்புகள் கைமாறும் காலம் இது. இக்காலத்தில் கணக்குப் புத்தகமும் கையிருப்பும் முறைப்படி ஒப்படைக்கப்படுகின்றன. ஆனால் ஒரே நிறுவனத்தில், ஒரே வாடகைக் கணனியில், ஒரே மனிதரின் கடவுச்சொல்லுக்குள் அடைபட்டிருக்கும் இணையத்தளம் எவருடைய ஒப்படைப்புப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அக்கணனி ஓய்ந்துபோகும் நாளில்தான் அதன் அருமை உணரப்படுகின்றது.

இதற்குப் பரிகாரமாகத் தொழில்நுட்பம் அறிந்த இளைஞர்கள் முன்வைக்கும் யோசனை ஒன்று உண்டு. ஒரே இணையப் பெயருக்குப் பல கணனிகளின் முகவரிகளைப் பதிந்து வைத்தல் என்பதே அது. இம்முறை மலிவானது, எளிதானது, பயனுள்ளது. எனினும் அரைகுறையாகச் செய்யப்படுமானால் பாதுகாப்பைத் தராமல், பாதுகாப்பு இருக்கின்றது என்ற மயக்கத்தை மட்டுமே தரும். அதனால் இதன் பலமும் பலவீனமும் பெற்றோருக்கும் இளையோருக்கும் ஒருங்கே விளங்கியிருப்பது அவசியமாகும்.

சுரங்கம் கற்பித்த பாடம்

எசன் நிலக்கரியால் வளர்ந்த நகரம். 1986 இல் மூடப்பட்டு, 2001 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற சொல்பெரைன் சுரங்க வளாகத்தை இந்நகரத் தமிழ்ப் பிள்ளைகள் பாடசாலைச் சுற்றுலாக்களில் கண்டிருப்பார்கள். சுரங்கத் தொழில் உயிர்ப்பலி கொடுத்துக் கற்றுக்கொண்ட விதி ஒன்று உண்டு. 1862 சனவரி 16 ஆம் நாள் இங்கிலாந்தின் ஹாட்லி நிலக்கரிச் சுரங்கத்தில், நீரிறைக்கும் இயந்திரத்தின் பாரிய இரும்பு உத்திரம் முறிந்து, அச்சுரங்கத்திற்கு இருந்த ஒரே குழிவாயிலை அடைத்துவிட்டது. 204 பேர் மாண்டனர். அதே ஆண்டிலேயே, வெளியேற இரண்டு வழிகள் இல்லாத சுரங்கம் இயங்கக் கூடாது எனப் பிரித்தானியாவில் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் ரூர் நிலப்பகுதிச் சுரங்கங்களிலும் இரண்டாவது வழி கட்டாயமாயிற்று.

இவ்விதியின் உட்பொருள் கவனிக்கத்தக்கது. இரண்டு வாயில்களும் ஒரே விபத்தில் அடைபடாதவாறு விலகியிருக்க வேண்டும். நிலத்தின் கீழே அவை ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். எந்த வாயில் திறந்திருக்கின்றது என்பதை உள்ளே இருப்பவர் அறிந்திருக்கவும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டாவது வாயில் வெறும் குழியே. இணையத்தளங்களுக்கும் இது முற்றிலும் பொருந்தும்.

ஒரு பெயரும் பல எண்களும்

இணையத்தில் ஒவ்வொரு கணனிக்கும் எண்களாலான முகவரி உண்டு. மனிதர் எண்களை நினைவில் வைப்பதில்லை. பெயர்களையே நினைவில் வைப்பர். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் தொலைபேசிப் புத்தகம் போன்ற அமைப்பே டி.என்.எஸ். எனப்படுகின்றது. 1983 இல் அமெரிக்கரான போல் மொக்கபெட்ரிஸ் இதனை வடிவமைத்தார். அதற்கு முன்னர் வலையமைப்பில் இருந்த அனைத்துக் கணனிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஒரே நிலையத்திலிருந்து விநியோகிக்கப்பட்டன. அந்த ஒற்றை ஏற்பாடு பெருகிவந்த வலையமைப்புக்கு ஈடுகொடுக்க முடியாமற் போனதே புதிய அமைப்பின் பிறப்புக்குக் காரணமாயிற்று. யேர்மனியின் டொட் டிஇ பெயர்களுக்கான பதிவேடு ஆரம்ப ஆண்டுகளில் எசனுக்கு அயலிலுள்ள டோட்முண்ட் பல்கலைக்கழகத்திலேயே பேணப்பட்டது. இன்று பிராங்க்பேர்ட்டைத் தலைமையிடமாகக் கொண்ட டெனிக் நிறுவனம் ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைப் பராமரிக்கின்றது.

இந்தப் புத்தகத்தில் ஒரு பெயருக்கு எதிரே ஒன்றுக்கு மேற்பட்ட எண்களை எழுத முடியும். மூன்று முகவரிகள் எழுதப்பட்டிருந்தால், கேட்பவருக்குக் கேட்பவர் அவற்றின் வரிசை மாறி மாறி வழங்கப்படும். முதலாமவர் முதற் கணனிக்கும், அடுத்தவர் இரண்டாவதற்கும், அதற்கடுத்தவர் மூன்றாவதற்கும் செல்ல, சுமை ஏறத்தாழச் சமமாகப் பகிரப்படும். சுமைப் பகிர்வுக்கு டி.என்.எஸ். துணைபுரியும் விதத்தை விளக்கும் ஆர்.எஃப்.சி. 1794 என்னும் ஆவணம் 1995 ஏப்ரலிலேயே வெளியாகிவிட்டது. தனியாக விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பதிவேட்டில் மேலதிகமாக இரண்டு வரிகள் எழுதினால் போதும்.

இம்முறை தன்னார்வலர்களால் எத்துணை சிறப்பாகக் கையாளப்படலாம் என்பதற்குச் சான்று, கணனிகளின் கடிகாரங்களைச் சரிசெய்யும் என்.ரி.பி. பூல் திட்டமாகும். 2003 இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், உலகெங்கும் உள்ள தனியாட்களும் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் கணனிகளை இலவசமாக வழங்குகின்றனர். ஆயிரக்கணக்கான அக்கணனிகளிலிருந்து, கேட்பவருக்கு ஒரு சில முகவரிகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் தெரிந்து வழங்கப்படுகின்றன. யேர்மனிக்கெனத் தனித் தொகுப்பும் உண்டு. இத்திட்டத்தின் உயிர்நாடி அதன் கண்காணிப்பே. சேர்ந்துள்ள ஒவ்வொரு கணனியும் இடையறாது சோதிக்கப்பட்டுப் புள்ளி பெறுகின்றது. நேரம் பிழைத்தாலோ பதில் தராவிட்டாலோ புள்ளி குறைந்து, அக்கணனி தொகுப்பிலிருந்து தானாகவே நீக்கப்படுகின்றது. சீரானதும் மீண்டும் சேர்க்கப்படுகின்றது.

புத்தகத்துக்குத் தெரியாதது

பல அமைப்புகள் தவறிழைக்கும் இடம் இதுவே. தொலைபேசிப் புத்தகத்தில் மூன்று வைத்தியர்களின் எண்கள் இருக்கலாம். அவர்களில் யார் விடுமுறையில் சென்றிருக்கின்றார் என்பது புத்தகத்துக்குத் தெரியாது. அவ்வாறே, இரண்டு கணனிகளில் ஒன்று செயலிழந்தாலும் டி.என்.எஸ். அதன் முகவரியைத் தொடர்ந்து வழங்கிக்கொண்டே இருக்கும். வருவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூடிய கதவிலேயே முதலில் தட்டுவர்.

இன்றைய உலாவிகள் ஒரு முகவரி பதிலளிக்காவிட்டால் அடுத்ததை முயன்று பார்ப்பது உண்மையே. ஆனால் செயலிழந்த கணனி உடனடியாக மறுத்தால்தான் அந்த மாற்றம் விரைவாக நிகழும். அது மௌனமாக இருந்தால் காத்திருக்கும் நேரம் நீளக்கூடும். இன்னொரு நிலைமை இதனினும் மோசமானது. கணனி உயிருடன் இருந்து, அதன் தரவுத்தளம் மட்டும் பழுதடைந்திருந்தால், அது பிழைச் செய்தி ஒன்றை முறையாகவே அனுப்பி வைக்கும். பதில் கிடைத்துவிட்டது என்று உலாவி அத்துடன் நின்றுவிடும். அடுத்த முகவரியை நாடாது.

பழுதடைந்த முகவரியைப் பதிவேட்டிலிருந்து நீக்கினாலும் அதன் பயன் உடனே கிட்டுவதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஆயுட்காலம் ஒன்று வினாடிகளில் குறிக்கப்பட்டிருக்கும். அக்காலம் முடியும்வரை இணைய வழங்குநர்களின் கணனிகள் பழைய பதிலையே நினைவில் வைத்திருக்கும். 86,400 வினாடிகள் எனக் குறிக்கப்பட்டிருந்தால் அது முழுமையாக ஒரு நாளாகும். 300 வினாடிகள் என்றால் ஐந்து நிமிடங்கள். இந்த ஒரு எண்ணை முன்கூட்டியே மாற்றி வைக்காத அமைப்பு, ஆபத்து நேரத்தில் எத்தனை திறமைசாலிகளை அழைத்தாலும் ஒரு நாள் காத்திருக்கவே நேரிடும்.

பெரியவர்களின் வீழ்ச்சிகள்

"சிறிய அமைப்புக்கு இத்தனை சிரமம் எதற்கு? பெரிய நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், முகநூற் பக்கம் ஒன்றே போதும்" எனக் கூறுவோர் உளர். அவர்களின் வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. பெரிய நிறுவனங்களின் கணனிகள் வீட்டு மூலையில் இயங்கும் கணனியைவிட உறுதியானவை. ஆயினும் அவை வீழ்ந்த விதங்களைக் கவனித்தால், தவறுகள் ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப நிகழ்ந்துள்ளன என்பது புலனாகும்.

2001 சனவரியில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் தளங்கள் ஏறத்தாழ ஒரு நாள் உலகின் பார்வையிலிருந்து மறைந்தன. அந்நிறுவனத்திற்குப் பெயர் வழங்கிகள் நான்கு இருந்தன. நான்கும் வலையமைப்பின் ஒரே பகுதியில் இருந்தமையால், வழிப்படுத்தும் கருவியில் நிகழ்ந்த ஒரே தவறு நான்கையும் ஒருங்கே துண்டித்தது. பெயர் வழங்கிகளை வேறுவேறு இடங்களிலும் வேறுவேறு வலையமைப்புகளிலும் வைக்க வேண்டும் என்ற அறிவுரை 1997 இலேயே ஆர்.எஃப்.சி. 2182 ஆக வெளிவந்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

2010 மே 12 பிற்பகலில் யேர்மனியே இப்பாடத்தை அனுபவித்தது. டெனிக் நிறுவனத்தின் பெயர்ப் பதிவேடு முழுமையற்ற நிலையில் அதன் பெரும்பாலான நிலையங்களுக்குப் பிரதி செய்யப்பட்டது. இயங்கிக்கொண்டிருந்த இலட்சக்கணக்கான டொட் டிஇ தளங்களைக் குறித்து "அப்படியொரு பெயர் இல்லை" என்ற பதிலே வழங்கப்பட்டது. நிலையங்கள் பல இருந்தும், பிழையான கோப்பு எல்லாவற்றுக்கும் சென்றதால் பயன் விளையவில்லை. பிரதிகள் பெருகும்போது பிழையும் பெருகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

2021 ஒக்ரோபர் 4 ஆம் நாள் முகநூலும் வட்சப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்புக் கட்டளை ஒன்று அந்நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. தரவு மையங்களை அணுக முடியாத பெயர் வழங்கிகள், தம்மைத் தாமே நோயுற்றவையாகக் கருதித் தம்மிடம் வரும் வழிகளை இணையத்திலிருந்து விலக்கிக்கொண்டன. அவ்வாறுதான் அவை வடிவமைக்கப்பட்டிருந்தன. ஒன்று நோயுற்றால் மற்றவை தாங்கும் என்பது திட்டம். எல்லாமே ஒரே கணத்தில் விலகினால் என்னாகும் என்ற கேள்விக்கு அத்திட்டத்தில் விடை இருக்கவில்லை.

2025 ஒக்ரோபர் 20 இல் அமேசன் நிறுவனத்தின் வட வேர்ஜீனியா மையத்தில் நிகழ்ந்ததோ இன்னும் நேரடியான பாடம். டைனமோ டிபி எனும் தரவுத்தளச் சேவைக்குரிய முகவரித் தொகுப்பைத் தானியங்கி நிரல்களே பராமரித்து வந்தன. தாமதமாக இயங்கிய நிரல் ஒன்று பழைய திட்டத்தைப் பதிவேட்டில் எழுதியது. வேகமாக இயங்கிய மற்றொன்று, அத்திட்டம் காலாவதியானது எனக் கருதி அதனை அழித்தது. பெயருக்கு எதிரே ஒரு முகவரிகூட மிஞ்சவில்லை. மனிதர் தலையிட்டுச் சீராக்க இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அதன் தொடர்விளைவுகள் அந்நாள் முழுவதும் நீடித்தன. சிக்னல் உட்பட உலகின் பல செயலிகள் தடுமாறின.

இந்நிகழ்வுகளிலிருந்து சிறிய அமைப்பு ஒன்றுக்குக் கிடைக்கும் விதி தெளிவானது. எல்லாச் சோதனைகளும் ஒரே நேரத்தில் தோல்வியைக் காட்டினாலும், முகவரிப் பட்டியலை ஒருபோதும் வெறுமையாக விடலாகாது. அந்நிலையில் பழுது சோதிக்கும் நிரலிலேயே இருக்க வாய்ப்பு உண்டு. கடைசி முகவரி என்றும் நீக்கப்படக் கூடாது.

வழி வேறு, பொருள் வேறு

முகவரித் தொகுப்பு வழியை மட்டுமே காக்கும். வழியின் முடிவில் இருக்கும் பொருளைக் காப்பது வேறு கடமை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றுட் பல வேறெங்கும் பிரதி இல்லாதவை. அந்த இழப்பை அறிந்த சமூகம், 2005 இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தின் அருமையை எளிதில் உணரும். அதே சமூகத்தின் ஊர்ச் சங்கங்களும் பாடசாலைகளும் தம் ஒளிப்படங்களையும் மலர்களையும் இன்றும் ஒரே கணனியில் வைத்திருப்பது வேதனைக்குரியது.

பிரதிகளைப் பெருக்கும்போது கவனிக்க வேண்டிய மறுபக்கமும் உண்டு. 2022 நவம்பர் இறுதியில் டூயிஸ்பேர்க்-எசன் பல்கலைக்கழகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகித் தன் கணனி அமைப்புகளை நிறுத்த நேர்ந்தது. மின்னஞ்சலும் தொலைபேசியும்கூட இயங்கவில்லை. களவாடப்பட்ட தரவுகள் 2023 சனவரியில் வெளியிடப்பட்டன. எசனில் கற்கும் தமிழ் மாணவர் பலருக்கு இது செவிவழிச் செய்தியன்று. இத்தகைய தாக்குதலுக்கு முன்னால் முகவரித் தொகுப்பு பயன் தராது. பூட்டில்லாத கதவுகள் கூடினால் திருடனுக்குத்தான் வசதி. எனவே அனைவரும் பார்க்கும் பக்கங்களை மட்டுமே பல கணனிகளில் வைக்க வேண்டும். மாணவர் பெயர், பிறந்த திகதி, பெற்றோரின் தொலைபேசி எண் போன்றவை அத்தொகுப்புக்கு வெளியே, குறியாக்கம் செய்யப்பட்ட தனிப் பிரதிகளாக இருத்தல் வேண்டும். பதிவுப் படிவங்களையும் ஒரே கணனி ஏற்பதே நன்று. அன்றேல் பாதிப் பெயர்கள் ஒன்றிலும் மீதி மற்றொன்றிலுமாகச் சிதறிவிடும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, இணையப் பெயர் அமைப்பின் பெயரிலேயே பதியப்பட்டிருக்க வேண்டும். தொண்டர் ஒருவரின் சொந்தப் பெயரில் பதியப்பட்டிருந்தால், சட்டப்படி அப்பெயருக்கு உரியவர் அவரே. பராமரிக்கும் நிறுவனம் விலகிக்கொண்டால், பதிவேட்டிலுள்ள அஞ்சல் முகவரிக்கே டெனிக் கடிதம் அனுப்பும். அவர் வீடு மாறியிருந்தால் கடிதம் எவர் கைக்கும் வராது. நீக்கப்பட்ட பெயரை மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதன் பின்னர் எவரும் அதனை வாங்கலாம்.

இரண்டாவதாக, பெயர் வழங்கிகள் இரு வேறு நிறுவனங்களிடம் இருக்க வேண்டும். இணையப் பக்கங்களைத் தாங்கும் கணனிகளும் இரு வேறு நிறுவனங்களில், இரு வேறு நகரங்களில் இருத்தல் வேண்டும். சிறிய வாடகைக் கணனி ஒன்றுக்கான செலவு மாதம் சில யூரோக்களே.

மூன்றாவதாக, பதிவின் ஆயுட்காலம் 300 வினாடிகளாகக் குறைக்கப்பட வேண்டும். மூன்றாவது இடமொன்றிலிருந்து இரு கணனிகளையும் நிமிடத்துக்கொரு முறை சோதிக்கும் நிரல் வேண்டும். கதவு திறக்கின்றதா என்று பார்ப்பதோடு நில்லாமல், பக்கத்தில் எதிர்பார்த்த தமிழ்ச் சொல் ஒன்று இருக்கின்றதா என்றும் அது பார்க்க வேண்டும். பழுது நேர்ந்தால் குறைந்தது மூவருக்குச் செய்தி செல்ல வேண்டும்.

நான்காவதாக, பாதுகாப்பான இணைப்புக்குரிய சான்றிதழ் இரு கணனிகளிலும் புதுப்பிக்கப்படுவதை உறுதிசெய்ய வேண்டும். சான்றிதழ் வழங்குவோர் சோதிக்க வரும்போது அவர்களும் தொகுப்பிலுள்ள ஏதோ ஒரு முகவரிக்கே செல்வர் என்பதால், ஒன்றில் புதுப்பித்தல் வெற்றி பெற்று மற்றொன்றில் தோல்வியுறக்கூடும்.

ஐந்தாவதாக, ஆண்டுக்கு இருமுறை, விடுமுறைக் காலத்தில், ஒரு கணனியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒத்திகை பார்க்கப்படாத மாற்று ஏற்பாடு, காகிதத்தில் மட்டுமே உள்ள ஏற்பாடாகும்.

கைமாற வேண்டிய திறப்பு

இவை அனைத்தும் கணனி அறிந்தவர்களின் வேலை எனப் பெற்றோர் ஒதுங்கிவிடலாகாது. பதிவு பெற்ற சங்கங்கள் வழக்கமாகப் பொதுக்கூட்டத்தில் கணக்காய்வாளரைத் தெரிவு செய்கின்றன. காசுப் பெட்டியின் சில நூறு யூரோக்களுக்குக் கணக்குக் கேட்கும் சபை, முப்பது ஆண்டு உழைப்பைத் தாங்கும் இணையத்தளத்துக்கும் கணக்குக் கேட்க வேண்டும். பெயர் யாருடைய பதிவில் உள்ளது, கடவுச்சொல் எத்தனை பேரிடம் உள்ளது, கடைசிப் பிரதி எப்போது எடுக்கப்பட்டது, கடைசி ஒத்திகை எப்போது நடந்தது என்ற நான்கு கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் பெறுவதற்குப் பொறியியற் பட்டம் எதுவும் தேவையில்லை.

இளையோரும் ஒன்றை உணர வேண்டும். தகவல் தொழில்நுட்பத் துறையில் தொழிற்பயிற்சி பெறுபவருக்கும் பல்கலைக்கழகத்தில் கணனியியல் கற்பவருக்கும் இப்பணி ஒரு சில வார இறுதிகளின் உழைப்பே. பாடப்புத்தகத்தில் படித்ததை உண்மையான பயனாளர்களைக் கொண்டு இயக்கிப் பார்க்கும் அரிய வாய்ப்பும் அதுவே. ஆனால் முதியவர்கள் கடவுச்சொல்லைத் தம்மிடமே வைத்துக்கொண்டு இளையோரை வெறும் உதவியாளராக அழைத்தால் எவரும் நிலைத்திருக்க மாட்டார்கள். பொறுப்பு கொடுக்கப்படும் இடத்திலேயே பொறுப்புணர்வு வளரும். திறப்பைத் தனியொரு இளைஞரிடம் கொடுத்துவிட்டு ஓய்வதும் பழைய தவறின் மறுபதிப்பாகவே அமையும். அவர் படிப்புக்காகவோ வேலைக்காகவோ வேறு நகரம் சென்றால் நிலைமை தொடங்கிய இடத்துக்கே திரும்பும். கணனிகள் இரண்டு என்றால், அவற்றைக் கவனிப்போரும் இருவரேனும் இருக்க வேண்டும். ஒருவர் முதற் தலைமுறையிலும் மற்றவர் அடுத்த தலைமுறையிலும் இருப்பது சாலச் சிறந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் நாளில் உறவுகளின் நிலை அறியாது தவித்த புலம்பெயர் குடும்பங்கள் தொலைபேசியையும் இணையத்தையும் மாறி மாறி நாடின. அத்தகைய நாள் முன்னறிவித்தலோடு வருவதில்லை. வரும்போது ஆயிரக்கணக்கானோர் ஒரே பெயரை ஒரே நேரத்தில் தேடுவர். அப்போது அப்பெயருக்கு எதிரே எத்தனை முகவரிகள் எழுதப்பட்டுள்ளன என்பதைவிட, அவற்றுள் எத்தனை உயிருடன் உள்ளன என்பதும், அதனைக் கண்காணிக்க யார் விழித்திருக்கின்றார்கள் என்பதுமே முக்கியமாகும். எசனிலும் ஏனைய நகரங்களிலும் உள்ள ஒவ்வொரு தமிழர் அமைப்பும் அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கென ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வது காலத்தின் கட்டாயமாகும்.